குடவோலையும் குறிப்புச்சட்டமும்

பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளில் எட்டு மதிப்பெண் கட்டுரை ஒன்று உண்டு. முன்னுரை, நான்கைந்து உட்தலைப்புகள், முடிவுரை என்று குறிப்புச்சட்டத்தையும் வினாத்தாளே தந்துவிடும். தலைப்புகளும் மழைநீர் சேமிப்பு, சாலைப் பாதுகாப்பு என்று யாரும் மறுக்க முடியாதவையாகவே இருக்கும். மழைநீரைச் சேமிக்கக் கூடாது என்று யார் எழுதப்போகிறார்கள்? பிள்ளைகள் மூன்று பக்கம் நிறைத்துவிடுவார்கள். நடுவில் ஒரு குறள், ஒரு பாரதி வரி. அதைக் கறுப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டுவிடுவார்கள். திருத்துகிறவர் கண்ணில் பட வேண்டுமே.

தேர்வு அப்படி, அதனால் எழுத்தும் அப்படி. பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதே பிள்ளை பதினெட்டு வயதுக்குப் பிறகு கிராமசபையில் எழுந்து “இந்த வேலைக்கு இவ்வளவு செலவு எப்படி ஆச்சு?” என்று கேட்க வேண்டியிருக்கும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டியிருக்கும். அங்கே யாரும் குறிப்புச்சட்டம் தரமாட்டார்கள். எதிரில் இருப்பவர் மறுத்துப் பேசுவார். கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சிகளுக்குக் கருத்தாளராகப் போய்க்கொண்டிருப்பவன் என்ற முறையில், இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மூல ஆவணங்களை வைத்து வாதம் எழுதப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமென்றால், ஆசிரியர் முதலில் அப்படி ஒன்றைத் தானே எழுதியிருக்க வேண்டும். எழுதும்போது ஆவணம் அவருடைய கருத்தைக் கொஞ்சமாவது அசைத்திருக்க வேண்டும். அந்த அனுபவம் இல்லாதவரிடம் எவ்வளவு நல்ல பயிற்சிக் கட்டகத்தைக் கொடுத்தாலும், வகுப்பறைக்குப் போய்ச் சேரும்போது அது இன்னொரு குறிப்புச்சட்டமாகிவிடும். முன்னுரை இருந்த இடத்தில் ‘கூற்று’, மேற்கோள் இருந்த இடத்தில் ‘சான்று’. அவ்வளவுதான் மாறியிருக்கும்.

பயிற்சிகள் வழக்கமாக எப்படி நடக்கும் என்று ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருகைப் பதிவு, பிபிடி, தேநீர். பிறகு குழுவாகப் பிரிந்து சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதுவது, குழுவுக்கு ஒருவர் வந்து வாசிப்பது, கைதட்டல். கடைசியில் பின்னூட்டப் படிவம். இதில் தனியாக உட்கார்ந்து யாரும் எதையும் எழுதுவதில்லை. நான் செய்வது, வந்தவுடன் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து ஒரே ஒரு பத்தி எழுதச் சொல்வது. கேள்வி இது: கிராமத்தின் கையில் இப்போது இருப்பதைவிடக் கூடுதல் அதிகாரம் கொடுக்கலாமா?

கிட்டத்தட்ட எல்லோரும் ‘கொடுக்கலாம்’ என்றுதான் எழுதுவார்கள். காந்தி வந்துவிடுவார். அடுத்த வரியில் உத்திரமேரூர் வந்துவிடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடவோலை முறையில் தேர்தல் நடத்தி உலகுக்கு மக்களாட்சியைக் காட்டியவர்கள் நாம் என்ற வாக்கியம், சொல் மாறாமல் பல தாள்களில் இருக்கும். பாடநூலில் படித்தது, வகுப்பில் நடத்தியது, மேடையில் கேட்டது எல்லாம் சேர்ந்து மனப்பாடமாகிவிட்ட வாக்கியம் அது. தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கல்வெட்டின் பாடத்தைக் கையில் கொடுப்பேன்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பவை முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள். ஒன்று கி.பி. 919, இன்னொன்று 921. இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் கல்வெட்டறிஞர் வெங்கையா அவற்றைப் பதிப்பித்தார். பழைய தமிழும் வடசொல்லும் கலந்த நடை. தமிழாசிரியர்கள் இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் சமூக அறிவியல்காரர்களையும் தமிழ்க்காரர்களையும் மாற்றி மாற்றி உட்கார வைக்கிறேன். மேலோட்டமாக வாசிக்க அது விடாது, சொல் சொல்லாகத்தான் போக முடியும். அந்த வேகக் குறைவுதான் நமக்கு வேண்டும்.

வாரியம் எனப்படும் நிர்வாகக் குழுக்களுக்கு ஆள் எடுக்கும் முறையைத்தான் கல்வெட்டு சொல்கிறது. ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது பிரிவுகளாக, பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் போட வேண்டும். எதுவும் அறியாத சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைத்து வைத்திருக்கக் கூடாது என்பதற்காக இருக்கலாம். அந்த விரல்களைப் படிக்கும்போது அறை முழுக்க ஒரு சிரிப்பு எழும். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். சரி, அது கல்வெட்டில் எழுதியிருக்கிறதா, நாம் ஊகிக்கிறோமா? இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பு அடங்கி மறுபடி தாளைப் பார்ப்பார்கள்.

அப்புறம் தகுதிப் பட்டியல். 921 கல்வெட்டின்படி கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும் (வேலி என்பது பழைய நில அளவை). சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ். மந்திர பிராமணம் என்ற வேதப் பகுதிகளை அறிந்தவராக இருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரைநூலும்) கற்றவர் என்றால் அதில் பாதி, அரைக்கால் வேலி நிலம் போதும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களுக்கு இடமில்லை. அவர்கள் மட்டுமல்ல, சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, மைத்துனன் என்று உறவுக்காரர்களின் நீண்ட பட்டியலே விலக்கப்படுகிறது. தண்டனையாகக் கழுதை ஏறியவருக்கும் இடமில்லை, பொய்க் கையெழுத்துப் போட்டவருக்கும் இடமில்லை.

இங்கேதான் அறை இரண்டாகப் பிரியும். கணக்குக் காட்டாதவன் வீட்டு ஆளையே சேர்க்கக் கூடாது என்ற விதியை இன்றைக்கும் கொண்டுவரலாம் என்று ஒரு பக்கம் உற்சாகமாகும். “சார், இதில் ஓட்டே இல்லையே” என்று இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். உண்மைதான். இது சீட்டுக் குலுக்கல், யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. குடத்துக்குள் பெயர் போகவே நிலமும் வேதமும் வேண்டும். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊர். சதுர்வேதிமங்கலத்துச் சபை தனக்குள் செய்துகொண்ட ஏற்பாடு இது. நிலமில்லாதவர், உழுதவர், பெண்கள், வேதம் ஓத அனுமதிக்கப்படாதவர் யாரும் அந்தக் குடத்தின் பக்கம் வர முடியாது.

இதோடு நிறுத்தி, ‘பார்த்தீர்களா, பாடநூல் பொய்’ என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படி முடிக்கும் கருத்தாளர்களையும் பார்த்திருக்கிறேன். அது ஒரு மனப்பாடத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கும் வேலை. நான் இரண்டு கல்வெட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். 919-ல் வயது முப்பதிலிருந்து அறுபது. இரண்டே ஆண்டுகளில் முப்பத்தைந்திலிருந்து எழுபது ஆகிவிட்டது. இரண்டாவதில் விலக்குப் பட்டியலும் நீளம். ‘துஷ்டர் கெட்டு விசிஷ்டர் வர்த்திப்பதாக’ இந்த ஏற்பாட்டைச் செய்தோம் என்று காரணமும் சொல்கிறது. முதல் விதிகளில் ஏதோ சரியாக வரவில்லை, கூடிப் பேசித் திருத்தியிருக்கிறார்கள் என்று வாதிடலாம். அரசனின் அதிகாரி வந்து உடனிருக்கச் செய்தார்கள் என்றும் கல்வெட்டிலேயே இருக்கிறது. அப்படியானால் இது ஊரின் முடிவா, மேலிருந்து வந்த முடிவா? இந்த இடத்தில் பேனா எடுத்தால் எழுத ஏதாவது இருக்கும்.

அடுத்த தாள் அம்பேத்கருடையது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அரசியலமைப்பு வரைவை முன்வைத்து அவர் ஆற்றிய உரையில், கிராமம் பற்றி வரும் பகுதியை மட்டும் தமிழாக்கிக் கொடுப்பேன். வரைவில் கிராமப் பஞ்சாயத்துக்கு இடமில்லை என்று குறை சொன்னவர்களுக்கு அவர் தந்த பதில் அது. கிராமம் என்பது அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் தேங்கிய இடம், இந்தக் கிராமக் குடியரசுகள்தாம் இந்தியாவைக் கெடுத்தவை, வரைவு கிராமத்தை விட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதில் தமக்கு மகிழ்ச்சி என்கிறார்.

கருத்து ஒருபுறம் இருக்கட்டும், வாதம் எழுதக் கற்க இதைவிட நல்ல மாதிரி எனக்குக் கிடைத்ததில்லை. கிராம சமுதாயங்களைப் புகழ்ந்து மெட்காஃப் என்ற ஆங்கிலேய நிர்வாகி எழுதியிருந்ததை அம்பேத்கர் சபையில் அப்படியே வாசிக்கிறார். எதிர்த்தரப்பு நம்பியிருக்கும் சான்று அது. அரச வம்சங்கள் சரிந்தன, கிராமங்கள் மட்டும் நிலைத்தன என்ற அதன் சாரத்தை அவர் மறுக்கவில்லை. நிலைத்திருக்கலாம், ஆனால் வெறுமனே நிலைத்திருப்பதற்கு என்ன மதிப்பு, எந்தத் தளத்தில் நிலைத்தன என்பதல்லவா கேள்வி என்று திருப்புகிறார். தகவலை ஒப்புக்கொண்டு, அதிலிருந்து எடுத்த முடிவை மட்டும் வெட்டுகிறார். நம் பட்டிமன்றப் பழக்கத்தில் எதிரணி சொன்னதையெல்லாம் பொய்யாக்கிவிட்டுத்தான் நம் கட்சியைத் தொடங்குவோம். இது அதற்கு நேரெதிர். ஆசிரியர்கள் இந்தப் பத்தியை வரி வரியாகப் பிரித்து, எந்த வரி ஒப்புதல், எந்த வரி மறுப்பு என்று ஓரத்தில் குறிப்பார்கள். பிபிடியில் எட்டு ஸ்லைடு போட்டு விளக்கினாலும் எதிர்வாதம் என்றால் என்ன என்பது இவ்வளவு தெளிவாகப் புரியாது.

அடுத்தது 1948 நவம்பர் 22. அன்று மன்னார்குடிக்காரரான கே. சந்தானம் ஒரு திருத்தம் கொண்டுவருகிறார். கிராமப் பஞ்சாயத்துகளை அமைத்து, தன்னாட்சி அலகுகளாக இயங்கத் தேவையான அதிகாரங்களை அரசு அவற்றுக்கு அளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்று அது அரசியலமைப்பின் பிரிவு 40, அரசுக்கான வழிகாட்டு நெறிகளில் ஒன்று. அந்த விவாதத்தில் டி. பிரகாசம் பேசுகிறார். 1946-47-ல் சென்னை மாகாணப் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் போன்ற பதவி) இருந்தவர், பின்னாளில் ஆந்திர மாநிலத்தின் முதல் முதலமைச்சர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் நவீனத் தேர்தல் முறை இருந்தது என்பதற்கு அவர் காட்டும் சான்று உத்திரமேரூர்க் கல்வெட்டு. குடத்தை வாக்குப்பெட்டியாகவே சொல்கிறார்.

ஆசிரியர்கள் சற்றுமுன் அதே கல்வெட்டைச் சொல் சொல்லாகப் படித்தவர்கள். பிரகாசம் எங்கே கல்வெட்டைத் தாண்டிப் போகிறார் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். காலையில் தாங்கள் எழுதிய வாக்கியமும் கிட்டத்தட்ட இதுதான் என்பதும் அப்போது நினைவுக்கு வரும். நான் சுட்டிக்காட்ட வேண்டியிருக்காது. பையிலிருந்து தாளை எடுத்து அடிக்கத் தொடங்குபவர்களைப் பார்க்கலாம்.

இரண்டாவது முறை எழுதும் பத்திகள் எல்லாம் ‘கொடுக்கக் கூடாது’ என்று மாறிவிடுவதில்லை. மாறிவிட்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கருத்தாளருக்குப் பிடித்த பதிலை மோப்பம் பிடித்து எழுதுவது ஆசிரியர்களுக்கும் கைவந்த கலை. நான் பார்ப்பது வாக்கியம் எங்கே தயங்குகிறது என்பதைத்தான். ஓர் ஆசிரியை கூடுதல் அதிகாரம் வேண்டும் என்றே எழுதிவிட்டு, கணக்குக் காட்டாதவரின் குடும்பத்துக்கே தடை என்ற விதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றத் தகுதிகளை ஏன் எடுக்க முடியாது என்று தனியாக நான்கு வரி எழுதியிருந்தார். இன்னொருவர் சீட்டுக் குலுக்கல் வந்தால் ஓட்டுக்குப் பணம் ஒழிந்துவிடும் என்று வாதிட்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர், “குடத்துக்குள் யார் பெயர் போகும் என்று முடிவு செய்கிறவனுக்குப் பணம் கொடுப்பாங்க சார்” என்றார். அதையும் அவர் பத்தியில் சேர்த்துக்கொண்டார்.

இதுவரை பேசியது பழைய காகிதங்கள். இன்றைய காகிதத்தை வைத்தால்தான் உண்மையான சங்கடம் தொடங்கும். ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. 1996 தேர்தலுக்குப் பிறகு நடந்ததை மதுரைப் பக்கத்து ஆசிரியர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் ஆண்டுக்கணக்கில் முறையாகத் தலைவர் பதவியேற்று இயங்க முடியவில்லை. வேட்புமனுவே வராது, வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா நடக்கும். 2006-ல்தான் அது உடைந்தது. அதேபோல் ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசன் 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டார். அம்பேத்கரின் உரைக்குப் பக்கத்தில் இவற்றை வைக்காமல் கிராமத் தன்னாட்சி பற்றி வாதம் எழுதச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

“வகுப்பில் எப்படி சார் நடத்துறது? ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கு” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அரசு ஊழியர் நடத்தை விதிகள் பற்றிய பயமும் உண்டு. ஊராட்சிப் பிரதிநிதி பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருப்பார். நான் சொல்வது, கொலையிலிருந்து தொடங்காதீர்கள். எந்த ஊராட்சி யாருக்கு ஒதுக்கப்பட்டது என்ற அரசிதழ் அறிவிப்பிலிருந்து தொடங்குங்கள். அது அரசே அச்சிட்ட காகிதம், யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது. அதைப் படித்த பிள்ளை ‘இந்த ஊரில் ஏன் தேர்தல் நடக்கவில்லை’ என்று தானே கேட்கும். கேட்ட பிறகு செய்தித்தாளைக் கொடுக்கலாம். எல்லா ஆசிரியர்களும் இதை ஏற்பதில்லை. சில ஊர்களில் இதைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்பவர்களை நான் கோழை என்று சொல்லமாட்டேன். அந்த ஊரில் தினமும் பேருந்து இறங்கி நடக்கிறவர்கள் அவர்கள்.

கிராமசபைத் தீர்மானப் புத்தகம் அவ்வளவு ஆபத்தில்லாதது. ஆனால் அதிலும் படிக்க நிறைய இருக்கிறது. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள் என்று நான்காக இருந்த கிராமசபைகளோடு மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் 2022-ல் சேர்ந்து இப்போது ஆண்டுக்கு ஆறு. புத்தகத்தில் ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கொண்டுவரச் சொன்னால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனு. அதை எழுதப் பழகுவதும் இந்தப் பயிற்சியில் சேர்த்திதான். அப்படி வந்த ஒரு பக்கத்தில் எல்லாத் தீர்மானமும் ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று முடிந்திருந்தது. யாருமே எதிர்க்கவில்லையா, எதிர்த்ததை எழுதவில்லையா? அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

கல்வெட்டும் அப்படித்தான் என்று ஒரு தமிழாசிரியர் சொன்னார். உத்திரமேரூர்ச் சபையில் வயதை மாற்றும்போது யார் என்ன மறுத்துப் பேசினார் என்று சுவரில் இல்லை. முடிவு மட்டும்தான் இருக்கிறது. அரசியல் நிர்ணய சபை நடவடிக்கைகளில்தான் தோற்ற கருத்தும் பேசியவர் பெயரோடு அச்சாகியிருக்கிறது. எந்த வகை ஆவணம் எதைச் சேமிக்கும், எதை விட்டுவிடும் என்று நான் பாடமாக நடத்த வைத்திருந்ததை, மூன்று காகிதங்களையும் மேசையில் பரப்பிவிட்டு அவரே சொல்லிவிட்டார். அந்த ஸ்லைடை அடுத்த பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டேன்.

நேரம்தான் உண்மையான தட்டுப்பாடு. பாடம் முடிக்க வேண்டும், தேர்வு இருக்கிறது. ஆகையால் வகுப்புக்கு இவ்வளவும் வேண்டாம் என்றே சொல்கிறேன். கல்வெட்டில் பத்து வரி, அம்பேத்கரில் ஒரு பத்தி, சந்தானத்தின் திருத்தம். மூன்றும் ஒரே தாளின் இரண்டு பக்கத்தில் அடங்கும். இரண்டு பாடவேளை போதும். கட்டுரை நோட்டில் ஒரு கட்டுரைக்குப் பதில் ஒரு பத்தி, படித்த பிறகு அதே பத்தி மறுபடி. திருத்தும்போது பிழைகளை மட்டும் சுழிக்காமல், சான்றுக்குப் பிறகு பிள்ளை தன் சொந்த வாக்கியம் ஒன்றாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேற்கோளை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டால், அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இப்படி ஒன்பதாம் வகுப்பில் செய்து பார்த்த ஒரு சமூக அறிவியல் ஆசிரியர் நோட்டுகளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அவர் கொடுத்த கேள்வி எனக்குத் தோன்றாதது. நவம்பர் 4 அன்று கிராமத்தை அவ்வளவு கடுமையாகச் சாடிய அம்பேத்கர், நவம்பர் 22 அன்று சந்தானத்தின் திருத்தத்தை ஏன் ஏற்றுக்கொண்டார்? விவாதக் குறிப்பில் அவர் நீண்ட விளக்கம் எதுவும் தரவில்லை, திருத்தத்தை ஏற்கிறேன் என்கிறார், அவ்வளவுதான். மனம் மாறிவிட்டார் என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். சபையில் பெரும்பாலோர் எதிர்ப்பக்கம் இருந்ததால் விட்டுக்கொடுத்தார் என்று சிலர். ஒரு பையன் மட்டும், அவர் ஏற்றது வழிகாட்டு நெறியைத்தானே, அதைக் கொடு என்று கோர்ட்டில் கேட்க முடியாது, அதனால் அவர் பெரிதாக எதையும் இழக்கவில்லை என்று எழுதியிருந்தான். சான்று எதுவும் காட்டவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் ஆசிரியர் எழுதியிருந்தார்: ‘வழிகாட்டு நெறிகளைப் பற்றிய பிரிவு 37-ஐப் படித்துவிட்டு மறுபடி எழுது.’